பூமியின் வயதைக் காபனால் கணிக்கவில்லை

"காபன் கணிப்பு 50,000 ஆண்டுக்கு மேல் செல்லாது. ஆகவே பூமிக்கு 454 கோடி வயது என்பது வெறும் ஊகம்." கீரிமலைப் பாறைப் படத்தோடு இப்படியொரு செய்தி யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பிள்ளைகள் படிக்கும் குழுக்களிலும் வருவதுதான் எனக்குக் கவலை.

முதல் வரி சரி. இக்கணிப்புக்கு உதவும் கதிரியக்கக் காபன்-14இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதில் பாதி சிதைய எடுக்கும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள்தான். 50,000 ஆண்டுக்குப் பிறகு அளக்குமளவுக்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் பூமியின் வயதை யாரும் காபனால் கணிக்கவில்லை.

அதற்கு உதவுவது யுரேனியம். யுரேனியம்-238இல் பாதி ஈயமாக மாற ஏறக்குறைய 447 கோடி ஆண்டு பிடிக்கும்; யுரேனியம்-235க்கு 70 கோடி. ஒரே கல்லுக்குள் இரண்டு கடிகாரங்கள்! இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் அதை ஊகம் என்று தள்ள முடியுமா? பூமியின் ஆதிப் பாறைகள் உருகி அழிந்துவிட்டன. அதனால் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பற்றர்சன், பூமி உருவான அதே காலத்து விண்கற்களில் ஈயத்தை அளந்து, 1956இல் 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். அவுஸ்திரேலியாவில் கிடைத்த சிர்க்கோன் என்ற கனிமத்தின் மணி ஒன்றுக்கே 440 கோடி வயது.

அப்புறம் அந்தப் படம். குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் மயோசீன் என்ற புவியியற் காலத்தது. அக்காலம் முடிந்தே 50 இலட்சம் ஆண்டுக்கு மேலாகிறது. அதன் வயதைச் சொல்லவும் காபன் உதவாது.