இன்னொரு ஹோம் வேண்டாம், சபைகளே

அநாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர் கதையைக் கேட்காமல் ஞாயிறு பள்ளியைத் தாண்டி வந்தவர்கள் நம்மில் குறைவு. காலைச் சாப்பாட்டுக்கு ஒன்றுமில்லை, வெறும் தட்டுகளை வைத்து ஜெபித்தார், ரொட்டிக்காரர் கதவைத் தட்டினார், பால் வண்டி வாசலிலேயே பழுதாகி நின்றது. புதிதாக ஹோம், அதாவது அநாதை இல்லம், தொடங்க நினைக்கும் பல ஊழியக்காரர்களின் மனதில் இன்றைக்கும் ஓடுவது இந்தக் கதைதான்.

முல்லர் 1836-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கினார். 1849-ல் ஆஷ்லி டவுனில் முதல் பெரிய கட்டடம். 1870-க்குள் ஐந்து கட்டடங்கள், இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு மேல் இடம். பிரசங்கம் இதோடு முடிந்துவிடும். அதே முல்லர் இல்லத்தார் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பெரிய கட்டடங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைச் சின்ன வீடுகளுக்கு மாற்றினார்கள். பிறகு பிள்ளைகளைத் தங்க வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். இதை எந்தப் பிரசங்கத்திலும் கேட்க முடிவதில்லை. நம் திருநெல்வேலிச் சீமையிலேயே, 1901-ல் தோனாவூரில் வேலையைத் தொடங்கிய மிஷனரி ஏமி கார்மைக்கேல் பிள்ளைகளைப் பெரிய கூடத்தில் அடைக்காமல் சிறு வீடுகளாகப் பிரித்து, அக்காள், சித்தி, அண்ணாச்சி என்று கூப்பிடும்படி ஆள் வைத்து வளர்த்தார். கட்டடம் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அநாதைப் பிள்ளைகளுக்கு ஊழியம் என்றதும் நிலம், கட்டடம், பெயர்ப் பலகை என்று நம் சபைகள் யோசிப்பதை நிறுத்த வேண்டும். பிள்ளைக்கு வேண்டியது ஒரு குடும்பம். சபையில் குவிந்து கிடப்பதும் குடும்பங்கள்தான்.

ஹோம்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். தகப்பன் இறந்திருப்பார், அல்லது குடியில் விழுந்திருப்பார், அல்லது விட்டுப் போயிருப்பார். அம்மா செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போக வேண்டும். "படிப்பும் சோறுமாவது கிடைக்கட்டும்" என்று கொண்டுவந்து விடுகிறாள். யாக்கோபு 1:27 திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒரே மூச்சில் சொல்கிறது. நாமோ பிரித்துவிட்டோம். பிள்ளைக்கு ஹோம், விதவைக்குக் கிறிஸ்துமஸ் சேலை. அந்தப் பிள்ளையின் அம்மாவேதான் சேலைக்கு வரிசையில் நிற்கிறாள் என்பதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

டிசம்பரில் ஏதாவது ஒரு ஹோமுக்குப் போய்ப் பாருங்கள். ஒரே வாரத்தில் நாலைந்து குழுக்கள் வந்து போகும். கேக், பிரியாணி, ஸ்கெட்ச் பேனா, ஒரு பாட்டு, ஒரு போட்டோ. நான்கு வயதுப் பிள்ளை முன்பின் தெரியாதவர் கையை ஓடிவந்து பிடித்துக்கொள்ளும், மடியில் ஏறி உட்காரும். "எவ்வளவு பாசம் பாருங்க" என்று நெகிழ்ந்து பேசுவார்கள். குழந்தை வளர்ச்சி தெரிந்தவர்களுக்கு அது கலக்கம் தரும் காட்சி. இன்னார் என்று ஒருவர் நிலையாக இல்லாத பிள்ளைதான் எல்லோரிடமும் ஒரே மாதிரி ஒட்டும். ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-ல் தொடங்கி 136 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வில், பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மீதிப் பேர் வழக்கம்போல் காப்பகத்தில் தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் ஒட்டுதலிலும் முன்னேறினார்கள். ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் முன்னேற்றம் இன்னும் அதிகம். ஷிப்ட் முறையில் முகம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், சோறு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் குறையை நிரப்ப முடியாது.

சரி, சபை என்ன செய்யலாம்?

முதல் வேலை, பிள்ளையை அம்மாவிடமே இருக்க வைப்பது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். எல்லா மாவட்டத்திலும் இந்த அலுவலகம் உண்டு. பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்று, தகப்பனின் இறப்புச் சான்று, குடும்ப அட்டை, வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று (போனஃபைட்), வங்கிக் கணக்குப் புத்தகம் இவ்வளவும் தயாராக இருக்கட்டும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் அம்மாக்கள் பாதியில் விட்டுவிடுவது இந்தக் காகிதங்களில்தான். தகப்பன் கேரளாவில் வேலை செய்யும்போது இறந்திருந்தால், இறப்புச் சான்று இறந்த ஊரில்தான் கிடைக்கும். விட்டுப் போனவர் என்றால் இறப்புச் சான்றுக்கே வழியில்லை. கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் ஒன்று, ஆதாரில் இனிஷியல் மாறி மூன்றாவது ஒன்று. ஓய்வுபெற்ற வருவாய்த் துறைக்காரர், ஆசிரியர், வங்கி ஊழியர் என்று எல்லாச் சபையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி இரண்டு பேர் மாதம் ஒரு நாள் அந்த அம்மாவோடு அலுவலகத்துக்குப் போய் வந்தால், ஒரு பிள்ளை ஹோமுக்குப் போவது நின்றுவிடும். மேடையில் பெயர் வாசிக்கப்படாத ஊழியம்தான். எனக்கு இதுதான் முதல் வரிசை ஊழியம்.

அரசுப் பணம் வரும்வரை சபை தாங்கட்டும். இருநூறு குடும்பமுள்ள சபையில் வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் எடுத்தால் 20,000. ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு 4,000. ஒரு அசனப் பண்டிகைக்கு எவ்வளவு செலவு செய்கிறோம் என்று கமிட்டிக்காரர்களுக்குத் தெரியும். பணத்தை அம்மாவின் வங்கிக் கணக்கில் போடுங்கள். ஆராதனை முடிவில் கூப்பிட்டுக் கவரில் வைத்துக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பச்சைக் குழந்தை. இங்கேதான் நல்ல மனதோடு பெரிய தவறு நடக்கிறது. கல்யாணமாகாத பெண்ணுக்குக் குழந்தை. போதகருக்குத் தெரிந்த, பிள்ளையில்லாத ஒரு தம்பதி. "கர்த்தர் வழி திறந்தார்" என்று கையில் கொடுத்துவிடுகிறார்கள். சில இடங்களில் பிரசவத்துக்கு அட்மிட் செய்யும்போதே வளர்க்கப்போகிறவரின் பெயரைக் கொடுத்து, பிறப்புச் சான்றையும் அப்படியே வாங்கிவிடுகிறார்கள். இது தத்து ஆகாது, குற்றம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 80-வது பிரிவின்படி, முறை தவறித் தத்துக் கொடுத்தாலோ எடுத்தாலோ மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். நடுவில் பணம் கைமாறியிருந்தால் அது 81-வது பிரிவு, ஐந்து ஆண்டு வரை கடுங்காவல். "காணிக்கையாகத்தான் கொடுத்தார்கள்" என்ற பதில் அங்கே எடுபடாது. எல்லாவற்றையும்விட, பின்னால் பெற்றவளோ உறவினரோ கேட்டு வந்தால் வளர்த்தவர்களுக்குச் சட்டத்தில் பிடிமானமே இல்லை.

கோயில் வாசலில் குழந்தை கிடந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் ஒப்படைக்க வேண்டும் (பயண நேரம் சேராது). சொல்லாமல் வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. தாயே கொடுக்க விரும்பினால் அதே குழு முன் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திடலாம். மனம் மாறித் திரும்பக் கேட்க 60 நாள் அவகாசம் உண்டு, அவள் பெயர் வெளியே வராது. அந்த 60 நாளும் போதகரம்மாவோ பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவரோ அந்தப் பெண்ணுக்குத் துணையாக இருக்கட்டும். "கொடுத்துவிடு" என்றும் சொல்லக் கூடாது, "கொடுக்காதே" என்றும் சொல்லக் கூடாது. ஆதரவு கிடைத்தால் தானே வளர்க்கிறேன் என்று சொல்கிற பெண்களும் உண்டு.

கிறிஸ்தவர்கள் சட்டப்படி தத்தெடுக்க முடியாது என்று இன்றும் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் உண்மை. 1956-ன் இந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. 1890-ன் காப்பாளர் சட்டப்படி 18 வயது வரை காப்பாளராக மட்டும் இருக்கலாம், பிள்ளைக்கு வாரிசுரிமை கிடையாது. 2000-ன் இளைஞர் நீதிச் சட்டமும் அதில் 2006-ல் வந்த திருத்தமும் எல்லா மதத்தாருக்கும் வழி திறந்தன. 2014-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்றைய 2015 சட்டத்தில் தத்துப் பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் எல்லா உரிமையும் உண்டு. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிய பத்திரத்துக்கு மட்டும் மதிப்பில்லை. தயவுசெய்து அதை நம்பி ஏமாறாதீர்கள்.

தத்தெடுக்க விரும்புகிறவர்கள், தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் 'காரா' ஆணையத்தின் கேரிங்ஸ் இணையதளத்தில் பதிய வேண்டும். தம்பதி என்றால் இரண்டு வருட மணவாழ்க்கை முடிந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருவர் வயதும் சேர்த்து 85-ஐத் தாண்டக் கூடாது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 110 வரை போகலாம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுவார். முறை வந்ததும் பிள்ளையின் விவரம் காட்டுவார்கள், 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மருத்துவ அறிக்கையை உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். இறுதி உத்தரவை இப்போது மாவட்ட ஆட்சியர் தருகிறார், நீதிமன்றம் இல்லை. பிறகு இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆரோக்கியமான கைக்குழந்தைக்காகக் காத்திருக்கும் வரிசை வருடக்கணக்கில் நீளும். அந்த வரிசையை இன்னும் நீட்டுவது சபையின் அழைப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. வளர்ந்த பிள்ளைகள், அண்ணன் தங்கையாக வருகிறவர்கள், காது கேளாதவர்கள், இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவர்கள், இவர்களைக் கேட்கத்தான் ஆள் இல்லை. இரண்டு பிள்ளை உள்ள தம்பதிக்கு விதி திறந்து வைத்திருக்கும் கதவும் இதுதான்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளையையும், எளிதில் குடும்பம் கிடைக்காமல் காத்திருக்கும் பிள்ளையையும் அவர்கள் எடுக்கலாம். சபைகளில் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை! அறுவைச் சிகிச்சைக்கு வேலூர் சிஎம்சி போன்ற மருத்துவமனைகள் நம்மிடமே இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள், வீட்டுக்குச் சாப்பாடு, போக்குவரத்துச் செலவு, இதைச் சபை பார்த்துக்கொள்கிறது என்று தெரிந்தால் துணியும் தம்பதிகள் உண்டு.

ஆறு வயதுக்கு மேற்பட்டு, காப்பகத்தில் யாரும் பார்க்க வராமல் இருக்கிற பிள்ளைகளுக்கு வளர்ப்புப் பராமரிப்பு இருக்கிறது, அதாவது தத்தெடுக்காமலே ஒரு குடும்பம் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது. 2024 வழிகாட்டுதலில் தனியாக வாழ்பவர்களும் விண்ணப்பிக்கலாம் (ஆண் என்றால் ஆண்பிள்ளையை மட்டும்). இரண்டு ஆண்டு வளர்த்த பிறகு தத்தெடுக்கக் கேட்கலாம், முன்பு ஐந்து ஆண்டாக இருந்தது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடுதான் பிள்ளை வீட்டுக்கு வரும்.

இங்கே எது கெடுகிறது என்று சொல்லியாக வேண்டும். முதல் ஒன்றிரண்டு மாதம் பிள்ளை தங்கமாக இருக்கும். அதன் பிறகு சோதித்துப் பார்க்கும்: சாப்பாட்டைத் தலையணைக்குக் கீழே ஒளிக்கும், படுக்கையை நனைக்கும், பொய் சொல்லும். "இவ்வளவு செய்தோமே, நன்றியில்லையே" என்ற வார்த்தை வீட்டில் வந்த நாளே அந்த உறவில் விரிசல். உபவாசம் போட்டு ஆவியை விரட்டக் கிளம்புகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். அதற்கு வேண்டியது பொறுமையும் குழந்தை மனநல ஆலோசகரும். இன்னொன்று, பத்து வயதுப் பெண்பிள்ளை வந்த ஆறு மாதத்தில் பாத்திரமும் கைக்குழந்தையும் அவள் பொறுப்பாகிவிட்டால் அது வளர்ப்பு இல்லை, வேலைக்கு ஆள் வைத்திருக்கிறோம்.

வளர்ப்புப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று சபைகளில் கேட்கிறார்கள். கூடாது. பிள்ளை உங்களுடையது என்று இன்னும் உத்தரவாகவில்லை. அது பொங்கல் கொண்டாடி வளர்ந்திருந்தால் உங்கள் வீட்டிலும் பொங்கல் இருக்கட்டும். அன்புக்கு நிபந்தனை வைத்தால் அதைப் பிள்ளைதான் முதலில் கண்டுபிடிக்கும். போட்டோவும் அப்படியே. பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. ஊழியச் செய்திமடலில் முகத்தையும் "தாய் ஓடிப்போனவள்" என்ற சாட்சியையும் அச்சிடுவது சட்டமீறல். அந்தப் பிள்ளை இருபது வயதில் அதைப் படிக்கும் என்பதையும் யோசியுங்கள்.

ஏற்கெனவே ஹோம் நடத்துகிறவர்கள் நாளைக்கே பூட்டிவிடச் சொல்லவில்லை, அது பிள்ளைகளைத் தெருவில் விடுவது. அதே சட்டத்தின் 41-வது பிரிவின்படி பதிவு இருக்கிறதா, ஒவ்வொரு பிள்ளையும் நலக் குழு உத்தரவோடு இருக்கிறதா, முதலில் பாருங்கள். பெற்றோர் உள்ள பிள்ளைகள் படிக்கத் தங்கியிருந்தால் அது விடுதி. 2014-ன் தமிழ்நாடு விடுதிகள் சட்டத்தில் பதியுங்கள், அநாதை இல்லம் என்று பலகை வைக்காதீர்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போங்கள். பாட்டி, தாய்மாமா, பெரியம்மா, யாராவது இருப்பார்கள். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் அனுப்பிப் பார்த்து, சரியாக வந்தால் அடுத்த கல்வியாண்டு அங்கேயே சேருங்கள். சமையலுக்கும் கட்டடத்துக்கும் போன பணம் மாதாமாதம் அந்த வீட்டுக்குப் போகட்டும்.

அனுப்ப வீடே இல்லாமல் 18-ஐத் தொடுகிறவர்களை மறந்துவிடுகிறோம். இல்லத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு உதவிக்குச் சட்டத்தில் இடமுண்டு, கேட்டு வாங்க வேண்டும். கல்லூரி விண்ணப்பம் போடும்போதுதான் சாதிச் சான்று இல்லையென்று தெரியவரும். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாருமில்லாமல், அரசு அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே தனியாக இருக்கிறார்கள். அந்தச் சான்றைப் பத்தாம் வகுப்பிலேயே வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். கூடவே பிறப்புச் சான்று, ஆதார், சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு. விடுமுறைக்கு வந்து தங்க, கல்யாணப் பேச்சுக்குப் பெரியவர்களாக உட்கார, சபையிலிருந்து ஒரு வீட்டை 16 வயதிலேயே பேசி முடித்துவிடுங்கள்.