க்ரேவ்: கரையா, வேலைநிறுத்தமா?

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய புதிதில், ஒரு செய்தித் தலைப்பை “ரயில்வே கடற்கரை மூன்றாம் நாளாக நீடிக்கிறது” என்று மொழிபெயர்த்து வகுப்பில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ‘க்ரேவ்’ என்றால் மணலும் சரளையும் கிடக்கும் கரை. வேலைநிறுத்தத்துக்கும் அதே சொல்தான். அகராதியில் 1, 2 என்று எண் போட்டுப் பிரித்து வைத்திருப்பார்கள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி. என் கோபமே அந்த எண்கள் மேல்தான்.

பாரிஸில் சேன் ஆற்றின் வலக்கரையில், இன்றைய நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால், சரிவான சரளைக் கரை ஒன்று இருந்தது. விறகு, தானியம், ஒயின், வைக்கோல் எல்லாம் படகில் வந்து அங்கேதான் இறங்கும். அதனால் அந்தத் திடலுக்கே ‘ப்ளாஸ் த க்ரேவ்’ என்று பெயர். மூட்டை இறக்க ஆள் வேண்டுமே? வேலை தேடுபவர்கள் அங்கே வந்து நிற்பார்கள். ‘க்ரேவில் இருக்கிறான்’ என்றால் வேலைக்குக் காத்திருக்கிறான் என்று அர்த்தம். 19ஆம் நூற்றாண்டில் பொருள் அப்படியே புரண்டது. கூலி கட்டாது என்று வேலையை உதறியவனுக்கும் அதே சொல் வந்து ஒட்டிக்கொண்டது. அப்படிக் கூட்டாக உதறுவது குற்றமல்ல என்று ஆனது 1864இல். 1946 அரசியலமைப்பின் முகப்புரையில் அது உரிமையாகவே ஏறிவிட்டது.

(அதே திடலில்தான் 1792 ஏப்ரல் 25 அன்று கில்லட்டின் முதன்முதலாக ஒருவர் கழுத்தில் இறங்கியது. அந்த ரத்தம் மட்டும் சொல்லில் ஒட்டவில்லை.)

‘வேலைநிறுத்தம்’ என்ற நம் சொல் என்ன செய்தார்கள் என்று சொல்கிறது. பிரெஞ்சுச் சொல் எங்கே நின்றார்கள் என்று சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. கெண்டைக்காலில் அணியும் பழைய போர்க்கவசத்துக்கும் ‘க்ரேவ்’ என்று பெயர் உண்டு. அது வேறு வேர். தனி எண் போடட்டும், ஆட்சேபணை இல்லை.

உண்ணாவிரதம் அவர்களுக்குப் ‘பசி க்ரேவ்’. ஒவ்வொரு விதியையும் பிசகாமல் கடைப்பிடித்தே வேலையை ஊரவைப்பது ‘ஆர்வ க்ரேவ்’. நம் பத்திரிகைகள் இதை ‘விதிப்படி வேலை’ என்று எழுதும். ‘ஆர்வ’ என்பதில் இருக்கும் குசும்பு நம் சொல்லில் இல்லை.

1936 ஜூலை 30 அன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், க்ரேவில் இருந்த மில் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது. அதே ஊரில் நடந்த எங்கள் வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. இரண்டாவது எண்ணைப் பார் என்றார்கள், அவ்வளவுதான்.