டயரைத் தடிமனாக்கினால் மட்டும் போதாது, நெருஞ்சியைப் பிடுங்க வேண்டும்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள பாய்சி நகரில் சைக்கிள் ஓட்டும் யாரிடமும் ஜூலை மாதத்தில் பேச்சுக் கொடுத்தால், அது சீக்கிரமே முள்ளில் வந்து நிற்கும். இங்குள்ளவர்கள் கோட்ஹெட் என்று சொல்லும் அந்த முள், நம் ஊர்த் தரிசு நிலங்களில் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடக்கும் அதே சிறுநெருஞ்சிதான். நீர்க்கடுப்புக்குக் கஷாயம் வைக்கும் மூலிகையாக நாம் அறிந்த செடி, இந்த மாநிலத்தில் கட்டுப்படுத்த வேண்டிய களைகளின் அரசுப் பட்டியலில் இருக்கிறது. அதை இந்த ஊர்ச் சைக்கிள்காரர்களான நாங்கள் எதிர்கொள்ளும் முறை போதாது என்பது என் உறுதியான கருத்து.

பாய்சியில் சைக்கிள் வெறும் உடற்பயிற்சிக் கருவி அல்ல. ஆற்றின் கரையோரமாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளும் கிரீன்பெல்ட் பாதையில் ஏறிவிட்டால், கார்களின் தொல்லையின்றி நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். வண்டிகள் நின்றுதான் செல்ல வேண்டும் என்ற நிறுத்தப் பலகை உள்ள சந்திப்புகளில் வேறு வண்டி வராதபோது சைக்கிள்காரர் காலூன்றாமலே மெதுவாகக் கடந்து செல்லலாம் என்ற சட்டத்தை 1982ஆம் ஆண்டே இயற்றிய மாநிலம் இது. அமெரிக்காவின் பிற மாநிலங்கள் பல ஆண்டுகள் கழித்தே அதைப் பின்பற்றத் தொடங்கின.

மாலை நேரங்களில் அந்தப் பாதை பீர் வடிக்கும் ப்ரூவரிகளை நோக்கியும் இட்டுச் செல்கிறது. நம் ஊர் டாஸ்மாக் கடையை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த இடங்களைக் கற்பனை செய்ய வேண்டாம். பாய்சியை ஒட்டிய கார்டன் சிட்டியில் உள்ள பார்பேரியன் ப்ரூயிங் போன்ற சிறு பீர் ஆலைகளில், வடிக்கும் கலன்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்கலாம். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு உணவருந்திக்கொண்டிருப்பதும் சாதாரணக் காட்சி. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை அமெரிக்காவில் பெருமளவில் விளைவிக்கும் மூன்று மாநிலங்களில் ஐடஹோவும் ஒன்று. பாய்சிக்கு மேற்கே உள்ள வயல்களில் அறுவடையான பசும்பூவை உலர்த்தாமலே இலையுதிர் காலத்தில் வடிக்கும் பீரை, அது விளைந்த மண்ணுக்கு அருகிலேயே குடிப்பதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது. குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் நேரானது: ஒரு கோப்பையோடும் வயிறு நிறைந்த உணவோடும் நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் சைக்கிளை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு வேறு வழியில் வீடு திரும்புங்கள்.

இந்த வாழ்க்கையின் குறுக்கேதான் நெருஞ்சி படர்கிறது. அதன் காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஆட்டின் கொம்புகளைப் போல இரண்டு நீண்ட முட்கள் இருப்பதால், அது எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கிறது. டயரில் ஏறிய முள்ளைப் பிடுங்கிப் புது டியூப் மாட்டினாலும் வேலை முடிவதில்லை. டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்க்காவிட்டால், ரப்பருக்குள் ஒடிந்து நிற்கும் நுனி புது டியூபையும் துளைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த நுனியை விரல்தான் கண்டுபிடிக்கும்.

வசதி உள்ளவர்கள் இதற்குத் தனித்தனியாக வழி தேடிக்கொள்கிறார்கள். தடித்த டியூப், டயருக்குள் வைக்கும் பட்டை, ஓட்டையைத் தானே அடைக்கும் பசை, டியூபே இல்லாத டயர் என்று எல்லாம் கடையில் கிடைக்கின்றன. நானும் பசை ஊற்றித்தான் ஓட்டுகிறேன், அதில் தவறில்லை. ஆனால் பசை ஊற்றிய டயர் என் பயணத்தை மட்டுமே காப்பாற்றுகிறது. அதில் குத்திக்கொண்ட முள்ளுக்குள் விதைகள் இருக்கின்றன. பஞ்சர் ஆகாத காரணத்தால் நான் நிற்காமல் போகிறேன், விதைகளும் என்னோடு அடுத்த தெருவுக்குப் போய் விழுகின்றன. பாய்சி பைசைக்கிள் புராஜெக்ட் என்ற தொண்டு நிறுவனம் ஆண்டின் இறுதியில் வசதியற்ற குழந்தைகளுக்குச் சைக்கிள்களைச் செப்பனிட்டுக் கொடுக்கிறது. அப்படிச் சைக்கிள் பெற்ற ஒரு குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு முறை பஞ்சர் ஆனால், அந்த வண்டி சுவரோரம் சாய்ந்துவிடும். என் டயர் எவ்வளவு தடித்திருந்தாலும் அந்தக் குழந்தைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இதைப் புரிந்துகொண்டவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அதே நிறுவனம் 2018இல் தொடங்கிய கோட்ஹெட் ஃபெஸ்ட் என்ற விழாவில், வேடமிட்ட சைக்கிள் ஊர்வலமும் பீரும் இசையும் இருந்ததோடு, களையைப் பிடுங்குவதும் விழாவின் பகுதியாகவே வைக்கப்பட்டது. நான் இங்கு கண்ட பொதுக் காரியங்களில் இதைவிட அறிவார்ந்த ஏற்பாடு வேறில்லை. ஆனால் நெருஞ்சி விழாவுக்காகக் காத்திருப்பதில்லை. முளைத்த சில வாரங்களிலேயே அது பூக்கிறது, விதைகளோ மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கின்றன. இதன் தண்டையும் விதையையும் தின்னும் கூன்வண்டுகளை 1961இல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்து அமெரிக்காவில் விட்டார்கள். வெப்பமான பகுதிகளில் பலன் தந்த அந்த வண்டுகளுக்கு ஐடஹோவின் குளிர்காலம் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே கைதான் கருவி.

கிரீன்பெல்ட்டை ஒட்டிய ப்ரூவரி உரிமையாளர்களிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் சரளைக்கல் வாகன நிறுத்தத்தின் ஓரங்களை ஜூன் மாதத்திலேயே ஒருமுறை சுற்றிப் பாருங்கள், வாசலில் ஒரு காற்றடிக்கும் பம்பையும் வையுங்கள். ஓட்டுபவர்களிடம் கேட்பது அதைவிட எளிது. கையுறை ஒன்றையும் பழைய பை ஒன்றையும் சைக்கிளில் வைத்துக்கொள்ளுங்கள். செடி தரையோடு ஒட்டிப் படர்ந்திருந்தாலும் அதன் வேர் நடுவில் ஒன்றுதான். கொடிகளை விலக்கி அந்த நடுவைப் பிடித்து இழுத்தால் முழுச் செடியும் வந்துவிடும். பச்சைக் காயாக இருக்கும்போதே இழுங்கள், காய்ந்துவிட்டால் இழுக்கும்போதே முட்கள் உதிர்ந்து பாதையில் சிதறும். பிடுங்கியதை உரக்குழியில் சேர்க்காமல் பையைக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.