எடுத்தோமா, எடுக்கப்பட்டதா?

இளநிலை மாணவர்களுக்கு அறிவியல் எழுத்தைக் கடைசி ஆண்டில், ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் அவசரத்தில், ஒரு படிவத்தைப்போலக் கற்றுத்தருவதை நான் எதிர்க்கிறேன். முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம் என்று நான்கு கட்டங்களைக் காட்டி நிரப்பச் சொன்னால் நிரப்பத்தான் செய்வார்கள். எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதுதான் என் கவலை.

நான் வேதியியல் ஆசிரியை. எங்கள் ஆய்வகத்தில் ஆஸ்பிரின் தயாரிப்பு ஒரு வழக்கமான பயிற்சி. 2 கிராம் சாலிசிலிக் அமிலத்தை அசெட்டிக் அன்ஹைட்ரைடோடு சேர்த்து, ஒரு துளிகூட வீணாகாமல் எல்லாம் நடந்தால் 2.61 கிராம் ஆஸ்பிரின் கிடைக்க வேண்டும். அதற்கு மேல் கிடைக்க வழியில்லை. ஒரு மாணவியின் அறிக்கையில் 2.4 கிராம், விளைச்சல் (கிடைக்க வேண்டியதில் கிடைத்த பங்கு) 92% என்று இருந்தது. பார்க்க நல்ல எண். ஆனால் அன்று தராசின் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். அவள் கையிலிருந்த துண்டுத்தாளில் 2.9 என்று குறித்ததைப் பார்த்திருந்தேன்.

கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "2.9 போட்டால் 111 சதவீதம் வருகிறது மேடம். நூறைத் தாண்டினால் சோதனையே தப்பு என்றுதானே ஆகும்? அதனால் மாற்றிவிட்டேன்" என்றாள்.

பல நாள் அந்தப் பதில் என்னைவிட்டுப் போகவில்லை. 111 என்ற எண் ஒரு செய்தியோடு வந்திருந்தது. வடிதாளில் இருக்கும் பொருள் இன்னும் காயவில்லை, அல்லது வேறு ஏதோ அதில் கலந்திருக்கிறது என்று அது சொன்னது. ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டிருக்கலாம். ஊதா நிறம் தோன்றினால் வினைபுரியாத சாலிசிலிக் அமிலம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். உருகுநிலை பார்த்திருக்கலாம்; தூய ஆஸ்பிரின் 135 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சட்டென்று உருகும், அசுத்தமானது அதற்கு முன்பே இளகத் தொடங்கி இழுத்துக்கொண்டே போகும். இத்தனை கேள்விகளும் அந்த 111-க்குள் இருந்தன. 92 என்று எழுதியதும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவளைப் பொய் சொன்னவள் என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. எண் சரியாக இருந்தால் மதிப்பெண், இல்லையென்றால் குறைப்பு என்று வருடக்கணக்காக நாங்கள்தான் பழக்கியிருந்தோம். மூத்த மாணவர்களின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது ஊரறிந்த விஷயம். அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டவர்களும் நாங்கள்தான்.

இதே பருவத்தில் உயிரியல் பக்கத்திலும் ஒன்று நடந்தது. ரத்த வகை கண்டறியும் பயிற்சி. ஒரு குழுவின் அறிக்கை இப்படித் தொடங்கியது: "30 மாணவர்களிடமிருந்து ரத்தம் எடுக்கப்பட்டது. ஒப்புதல் பெறப்பட்டது." கீழே அட்டவணையில் முப்பது பெயர்கள், எதிரே ரத்த வகைகள். அதை எல்லோரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது: அந்த முப்பது பேரில் ஒருவன் வேண்டாம் என்று பின்வாங்கியிருக்கிறான், நண்பர்கள் சிரித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்து நீட்டவைத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் "ஒப்புதல் பெறப்பட்டது" என்ற இரண்டு சொற்கள் அந்தக் கையை மூடி மறைத்துவிட்டன.

யார் பெற்றார்? எப்போது? எந்தச் சொற்களில் கேட்டார்? மறுத்தவர்கள் எத்தனை பேர்? செயப்பாட்டு வினை இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள இடம் தருகிறது. "கரைசல் வடிகட்டப்பட்டது" என்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. யார் வடிகட்டினாலும் கரைசலுக்கு நோகாது. ஒரு மனிதரோ விலங்கோ சம்பந்தப்பட்ட இடத்தில்தான் "பட்டது" என்பதைப் பார்த்ததும் என் பேனா நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் தமிழ் நமக்குப் பெரிய துணை. நம் வினைமுற்றின் கடைசியிலேயே ஆள் நிற்கிறார். எடுத்தேன், எடுத்தோம், எடுத்தாள், எடுத்தார்கள். அந்த விகுதியை வைத்தவுடனேயே பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் செய்முறைப் பகுதியை முதலில் தமிழில், தன்மை வினையில் எழுதச் சொல்கிறேன். ஆய்விதழ் கேட்கும் மொழிக்கும் நடைக்கும் பிறகு மாற்றிக்கொள்ளட்டும். "ஒப்புதல் பெற்றோம்" என்று எழுதும்போது, உண்மையில் பெற்றோமா என்று ஒரு நொடி கை தயங்குகிறது. எனக்கு வேண்டியது அந்தத் தயக்கம்தான்.

சொற்கள் இவ்வளவு செய்யுமா என்று கேட்பவர்களுக்கு டஸ்கீகி ஆய்வைக் காட்டுவேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1932-இல் அரசுப் பொதுச் சுகாதாரத் துறை இதைத் தொடங்கியது. சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்கள், நோய் இல்லாத 201 பேர். என்ன நோய் என்று அவர்களிடம் சொல்லவில்லை. 1940-களில் பென்சிலின் சிகிச்சை நிலைபெற்ற பிறகும் கொடுக்கவில்லை. 1972-இல் செய்தித்தாள்களில் வெளிவந்த பிறகுதான் நிறுத்தினார்கள். பலரும் நினைப்பதுபோல இது பூட்டிய அறையில் ரகசியமாக நடந்ததல்ல. 1936 முதலே மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. தலைப்பிலேயே "சிகிச்சை பெறாத சிபிலிஸ்" என்று இருந்தது. பெறாத! வானம் பொழியாததுபோல, தானாக நேர்ந்த ஒன்றைப்போல. கொடுக்காதவர்கள் யார் என்பது அந்தப் பெயரெச்சத்துக்குள் காணாமல் போய்விட்டது. எத்தனையோ மருத்துவர்கள் அந்தத் தலைப்பைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். அறநெறியைத் தனி வகுப்பில் தேதிகளும் விதிகளுமாகப் படித்து, மனிதர்கள்மீது செய்யும் ஆய்வுக்கு அறநெறி வகுத்த 1979-இன் பெல்மான்ட் அறிக்கை சொல்லும் மூன்று கொள்கைகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவன், தன் அறிக்கையின் இரண்டாவது வரியில் அதே பிழையைச் செய்கிறான். இரண்டும் வேறு வேறு பாடம் என்று நாம் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

எழுதும் நூலுக்கு நம் இலக்கணம் பத்துக் குற்றங்களை வகுத்திருக்கிறது. முதல் இரண்டு குன்றக் கூறல், மிகைபடக் கூறல். சொல்ல வேண்டியதைக் குறைப்பதும், உள்ளதற்கு மேல் சொல்வதும். ஆய்வக அறிக்கைகளில் நான் திருத்துவதில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். உயிரியல் மாணவர்களிடம் இரண்டாவது அதிகம். நுண்ணுயிர் வளர்த்த ஒரே குடுவையிலிருந்து மூன்று முறை சொட்டு எடுத்து அளந்துவிட்டு, "மூன்று மாதிரிகளில் உறுதி செய்தோம்" என்று எழுதுவார்கள். உறுதியானது அவர்களின் கை நடுங்காதது மட்டும். மூன்று குடுவைகளில் தனித்தனியாக வளர்த்திருந்தால்தான் நுண்ணுயிரைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

வேதியியல், உயிரியல், அறநெறி மூன்றும் ஒன்றாக முடிச்சிட்டுக் கிடக்கும் கதை ஒன்று உண்டு. என் வகுப்பில் அதற்கு நான்கு வாரம் ஒதுக்குகிறேன். தாலிடோமைடு.

1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. கர்ப்பகாலக் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறந்தார்கள். உலகம் முழுவதும் 10,000-க்கும் மேல் என்பது பொதுவான கணிப்பு. முதல் வாரம் மூலக்கூறைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்வேன். பெரும்பாலோர் ஒரே வாக்கியத்தைக் கொண்டுவருவார்கள்: இந்த மூலக்கூறுக்கு வலக்கை, இடக்கைபோல இரண்டு வடிவங்கள், ஒன்று மருந்து, மற்றது நஞ்சு, நல்லதை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தால் எல்லோரும் தப்பித்திருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உடலுக்குள் போனதும் ஒரு வடிவம் மற்றதாக மாறிக்கொள்கிறது. பிரித்துக் கொடுத்திருந்தாலும் காப்பாற்றியிருக்காது. வேதியியலில் ஒரு வரியை விட்டதனால் உயிரியலில் பொய்யான ஆறுதல் பிறக்கிறது.

அடுத்த வாரம் ஒரு கடிதம். வில்லியம் மெக்பிரைட் என்ற ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் எழுதி, 1961 டிசம்பரில் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. சில வாக்கியங்கள்தான். பிறவிக் குறைபாடுகள் பொதுவாக 1.5% குழந்தைகளிடம் காணப்படும். இந்த மருந்தை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளில் கடுமையான பல குறைகள் ஏறத்தாழ 20% அளவுக்கு இருப்பதைக் கவனித்தேன் என்கிறார். எந்த எலும்புகள் எப்படி இருக்கின்றன என்று சொல்கிறார். கடைசியில், வாசகர்களில் வேறு யாராவது இதைப்போலப் பார்த்தீர்களா என்று கேட்கிறார். கண்டுபிடித்துவிட்டேன் என்ற முழக்கம் இல்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டு, அடுத்தவரின் கண்ணையும் கேட்கும் கடைசி வரி. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. (நவம்பர் இறுதியிலேயே விடுகுண்ட் லென்ஸ் என்ற குழந்தை மருத்துவரின் எச்சரிக்கையால் மேற்கு ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டிருந்தது. மெக்பிரைட் ஒருவரே உலகைக் காத்தார் என்று எழுதும் மாணவர்களை அதையும் சேர்க்கச் சொல்வேன்.)

ஒரு வருடம் ஒரு மாணவன் எழுந்து, "எத்தனை தாய்மாரில் 20 சதவீதம் என்று கடிதத்தில் இல்லையே?" என்று கேட்டான். ஐந்து பேரில் ஒருவரும் 20 சதவீதம், ஐந்நூறு பேரில் நூறு பேரும் 20 சதவீதம். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. போற்றத்தக்க எழுத்திலும் குன்றக் கூறல் இருக்கும் என்பதை ஆசிரியர் சொல்லிக் கேட்பது வேறு, தானே கண்டுபிடிப்பது வேறு.

மூன்றாம் வாரம் அதே மனிதரின் வேறொரு கட்டுரை. 1982-இல் வெளியானது. கர்ப்பகால வாந்திக்குத் தரப்பட்ட மற்றொரு மருந்தும் குழந்தைகளைப் பாதிக்கிறது என்று மெக்பிரைட் திடமாக நம்பினார். அதற்கு வலுச்சேர்க்க, அதைப்போலச் செயல்படும் ஒரு வேதிப்பொருளை வைத்துச் செய்த முயல் சோதனையில் முயல்களின் எண்ணிக்கையையும் மருந்தின் அளவையும் மாற்றி எழுதினார். அவரோடு பணியாற்றிய இளம் ஆய்வாளர்கள், தங்கள் பெயரோடு அச்சில் வந்த எண்கள் தாங்கள் பதிந்த எண்கள் அல்ல என்று கண்டு எதிர்த்தார்கள். 1988-இல் விசாரணைக் குழு மோசடி என்று முடிவு செய்தது. 1993-இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

நான்காம் வாரம் பேசமாட்டேன், எழுதச் சொல்வேன். 1961-இன் கடைசி வரிக்கும் 1982-இன் அட்டவணைக்கும் நடுவே என்ன நடந்தது? பதில் எனக்கும் தெரியாது. ஆனால் தனக்கு முன்பே தெரிந்துவிட்ட விடைக்கு எண்ணைப் பொருத்துவது எப்படி இருக்கும் என்று அந்த வகுப்பில் ஒருத்திக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. அவளாகவே எழுதியிருந்தாள்.

அறுபது பேரின் அறிக்கையை யார் இப்படி உட்கார்ந்து படிப்பது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் செய்வது இதுதான்: பருவத்துக்குப் பத்து அறிக்கைகள் வாங்குவதை விட்டுவிட்டேன். மூன்று போதும், ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுத வேண்டும். முதல் பிரதிக்கு மதிப்பெண் கிடையாது. என் கேள்விகள் மட்டும் ஓரத்தில் இருக்கும். தராசின் அருகே குறித்த துண்டுத்தாளை அறிக்கையோடு இணைத்தே தர வேண்டும், கறையோடும் அடித்தலோடும். எதிர்பார்த்த எண் வரவில்லை என்பதற்காக யாருக்கும் குறைக்கமாட்டேன். அறநெறிக்குத் தனிப் பத்தி கேட்பதையும் நிறுத்திவிட்டேன். அது செய்முறையின் ஒவ்வொரு வினைமுற்றிலும் இருக்க வேண்டும். உயிரியல் ஆசிரியர் என் மாணவர்களின் அறிக்கையைப் படிக்கிறார், நான் அவருடையதைப் படிக்கிறேன். துறை தெரியாதவர் படிக்கும்போதுதான் விடுபட்டவை பளிச்சென்று தெரிகின்றன.

நடந்ததை நடந்தபடியே எழுதினால் கட்டுரையின் ஒழுங்கு குலைந்துவிடாதா என்று இன்னொரு கேள்வி வரும். நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1963-இல் ஒரு வானொலி உரையில், ஆய்வுக் கட்டுரையே ஒரு மோசடியா என்று கேட்டார். எண்கள் பொய் என்பது அவர் குற்றச்சாட்டு அல்ல. ஒரு விஞ்ஞானி உண்மையில் யோசித்த வழியைக் கட்டுரையின் வடிவம் திரித்துக் காட்டுகிறது என்றார். ஆய்விதழ்கள் தங்கள் வடிவத்தை வைத்துக்கொள்ளட்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒருவர் முதலில் பழக வேண்டியது தடுமாறிய இடத்தைத் தடுமாறியதாகவே எழுதும் துணிவு. வடிவம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

அந்த மாணவியின் ஆஸ்பிரின் ஒரு சிறு குப்பியில் பத்திரமாக இருந்தது. மறுபடி எடை போட்டு, அறிக்கையை இரண்டாம் முறை எழுதச் சொன்னேன். அவள் எழுதிய முடிவுப் பகுதியை அவள் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

"வடிகட்டியவுடன் எடை போட்டேன்: 2.9 கிராம். இது கிடைக்கக்கூடிய உச்ச அளவைவிட அதிகம். முதல் அறிக்கையில் இதை 2.4 என்று மாற்றி எழுதினேன். பொருள் காய்ந்த பிறகு மீண்டும் எடை போட்டேன்: 2.2 கிராம், 84%. ஃபெரிக் குளோரைடு விட்டபோது இலேசான ஊதா நிறம் வந்தது. ஆகவே இந்த 2.2 கிராமும் முழுவதும் ஆஸ்பிரின் இல்லை. எவ்வளவு இல்லை என்று நான் இன்னும் அளக்கவில்லை."