"உங்க சாமி ஏன் தம்பி மாட்டுக் கொட்டாயில பொறந்துச்சு?"

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிற எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் டிசம்பர் ஒரு கலவையான மாதம். (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிப் பல வருஷம் ஆகிறது, நம் வாய்தான் இன்னும் மாறவில்லை.) ஐயப்ப சாமிகள் மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் விரதம் இருப்பார்கள். மார்கழி பிறந்தால் விடியற்காலையில் மாரியம்மன் கோயிலிலிருந்து திருவெம்பாவை கேட்கும். அதே தாமானில் (குடியிருப்பில்) எங்களைப் போன்ற சில கிறிஸ்தவ வீட்டு வாசலில் மட்டும் நட்சத்திர விளக்கு தொங்கும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு 86 பேர் இந்துக்கள், கிறிஸ்தவர்கள் 6 பேர்தான். அதனால் இங்கே ஒரு தமிழ்க் கிறிஸ்தவன் தன் விசுவாசத்தைப் பற்றிப் பேச வாய் திறந்தால், எதிரில் இருப்பவர் பெரும்பாலும் சொந்த மாமனோ பக்கத்து வீட்டு அக்காவோதான்.

இந்த விஷயத்தில் நம் ஆட்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் வாயை மூடவே மூடாது. எங்கள் தெருவில் ஒரு அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, முன்பின் தெரியாத சிலர் கட்டிலைச் சுற்றி நின்று, "வீட்ல இருக்கிற சாமி படத்தையெல்லாம் தூக்கிப் போடுங்க, நோய் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அம்மாவின் மகன் இன்று வரை எந்தக் கிறிஸ்தவன் பேச்சையும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் இந்த ரகத்தைத் திட்ட ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்னொரு ரகத்தை யாரும் திட்டுவதில்லை என்பதால் அதை நான் திட்டுகிறேன். "கிறிஸ்துமஸ்னா என்னங்க விசேஷம்?" என்று ஆசையாக ஒருவர் கேட்பார். "அன்பா இருக்கணும்னு சொல்ற பண்டிகைங்க, எல்லாச் சாமியும் ஒண்ணுதானே, பிரியாணி இன்னும் கொஞ்சம் போடவா?" என்று இவர் மழுப்புவார். கேட்டவருக்கு நாம் காட்டும் மரியாதை இதுதானா? அன்பாக இருக்கச் சொல்லத் தீபாவளியும் போதும், பொங்கலும் போதும். எங்களுக்கென்று தனியாக எதற்கு ஒரு நாள்?

போன வருஷம் கேக் கொடுக்கப் போனபோது பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டதைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக் குடிலை எட்டிப் பார்த்திருக்கிறார் போல. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், லயத்துக்குப் பின்னால் மாடு வளர்த்தவர். மாட்டுக் கொட்டகை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"சர்க்கார் உத்தரவு பாட்டி. எல்லாரும் அவங்கவங்க பூர்வீக ஊருக்குப் போயிப் பேர் எழுதணும்னு ராயர் சொல்லிட்டாரு. நெறமாச கர்ப்பிணியோட போனாங்க. தங்க எடம் கெடைக்கல" என்றேன்.

பாட்டி உடனே, "நம்ம ஐசிக்கு அலைஞ்ச மாதிரியா?" என்றார். ஐசி என்றால் அடையாள அட்டை. அவர் வீட்டுக்காரர் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசியோடேயே கண்ணை மூடினவர். பிறந்த சூராவும் (பிறப்புப் பத்திரம்) இல்லாமல், எந்த ஆப்பீசுக்குப் போனாலும் நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பப்பட்ட தலைமுறை அது. ரோமப் பேரரசர் அகுஸ்து ராயரின் குடிமதிப்பையும், நாசரேத்திலிருந்து பெத்லெகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போன ஒரு தச்சனின் குடும்பத்தையும் நான் பைபிளில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பாட்டிக்கு அது பழகிய கதை. அடுத்து அவர் கேட்டதுதான் சரியான கேள்வி: "சாமிதானே, பெரிய எடமாப் பார்த்துப் பொறந்திருக்கலாமே?"

கிறிஸ்துமஸ் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கடவுள் மேலே இருந்தபடி ஆள் அனுப்பி உத்தரவு போடவில்லை, தானே மனுஷனாகி வந்தார் என்று நாங்கள் நம்புகிறோம். "அந்த வார்த்தை மாம்சமாகி... நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்கிறது யோவான் சுவிசேஷம். வந்தது சும்மா பார்த்துவிட்டுப் போக இல்லை. நம் பாவத்தைச் சுமந்து சாக வந்தார். முன்னணையில் (மாட்டுத் தீவனத் தொட்டியில்) தொடங்கிய கதை சிலுவைக்குப் போய், காலியான கல்லறையையும் தாண்டிப் போகிறது. இதைச் சொல்லாமல் கேக்கை மட்டும் கொடுத்தால் பாதிதான் கொடுத்ததாக அர்த்தம். பாட்டியிடம் இதை அப்படியே சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டார். அவர் இன்றும் வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போகிறார், என்னோடு இன்றும் கதை பேசுகிறார்.

டிசம்பர் 25 பைபிளில் இல்லையே என்று வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சண்டைக்கு வருபவர்களுக்கு: ஆமாம், இல்லை. ரோமில் 354இல் தொகுத்த ஒரு நாள்காட்டியில் அந்தத் தேதி இருக்கிறது. பிறந்தார் என்பதைத்தான் கொண்டாடுகிறோம், தேதியை அல்ல. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

சரி, எப்படிச் சொல்வது? அதே லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் மேய்ப்பர்கள் வருகிறார்கள். ராத்திரி கண்விழித்து ஆடு காத்தவர்கள். செய்தி முதலில் போனது ஏரோது ராஜாவின் அரண்மனைக்கு அல்ல, அவர்களுக்கு. அவர்கள் போய்ப் பிள்ளையைப் பார்த்தார்கள், கண்டதைச் சொன்னார்கள், தேவனைத் துதித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். யாரையும் மிரட்டவில்லை, யார் வீட்டுச் சாமியையும் ஏசவில்லை.

நான் லூத்தரன் சபைக்காரன். எங்கள் வேர் தரங்கம்பாடி. 1706இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழ் கற்று, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார் என்பது பலருக்குத் தெரியும். தமிழர்களிடம் அவர் கேள்வி கேட்டு எழுதியதும், அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை ஜெர்மனிக்கு அனுப்பியதும் அவ்வளவாகத் தெரியாது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூலே எழுதினார். இதற்கா உன்னை அனுப்பினோம் என்கிற பாணியில் ஜெர்மனியிலிருந்த மிஷன் மேலிடம் அதை ஒதுக்கிவைக்க, 1867இல்தான் சென்னையில் அது அச்சேறியது. அவருடைய எல்லாக் கருத்தோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சொல்ல வந்தவர் முதலில் கேட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு தன் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே மற்றச் சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் சட்டம் இயற்றலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. சிலாங்கூரில் 1988 முதல் அப்படி ஒரு சட்டம் உண்டு. முஸ்லிம் அல்லாத நம் தமிழர்களிடையே பேச அந்தத் தடை இல்லை. தடை இல்லாத இடத்தில்தான் நம் குணம் தெரியும்.

கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றுகிறேன், சன்னதியில் கும்பிடுவதில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லியிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று இயேசுவின் சீடர் பேதுரு எழுதியது, விசாரித்துக் கேட்கிறவர்களைப் பற்றி. ஒருவர் வந்து விசாரிக்கிற மாதிரி நாம் அக்கம்பக்கத்தில் பழகியிருக்கிறோமா என்று நம் சபைக்காரர்களைத்தான் கேட்கிறேன்.

அப்புறம், கேரல் பாடப் போகும் தம்பி தங்கைகளுக்கு: கோயில் பக்கம் போகும்போது ஸ்பீக்கரைக் குறையுங்கள். பத்து மணிக்கு மேல் வேண்டாம், காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் தூங்கட்டும்.

25ஆம் தேதி மதியம் எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. மாலை போட்ட சாமிகளுக்கு என் மனைவி தனிப் பாத்திரத்தில் சைவம் சமைக்கிறார், தட்டு இல்லை, வாழை இலைதான். ஏதாவது கேட்க நினைத்தால் தாராளமாகக் கேளுங்கள். பாட்டி ஏற்கெனவே அடுத்த கேள்வியைத் தயார் பண்ணி வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.