அளவு கொடுத்துச் செய்த ஃப்ரேம், அளவில் இல்லை

அளவெல்லாம் எழுதிக் கொடுத்து, மாசக்கணக்கில் காத்திருந்து வாங்குகிற பிஎம்எக்ஸ் சைக்கிள் ஃப்ரேமில் பின்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் வயிறு எரியாதா? செய்து கொடுத்தவரைக் கேட்டால் முதல் பதில், "சக்கரம் கோணல்." சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள். அப்போதும் அதே பக்கம் சாய்ந்தால் ஃப்ரேம்தான் கோணல். பக்கம் மாறினால் சக்கரம். அடுத்து ஒரு நூல்: பின்சக்கர அச்சு உட்காரும் ஒரு டிராப்அவுட்டில் கட்டி, ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள ஹெட் ட்யூபைச் சுற்றி, மறு டிராப்அவுட்டுக்கு இழுத்து, சீட்டைத் தாங்கும் சீட் ட்யூபிலிருந்து இரு பக்க இடைவெளியையும் அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பெடல் சுழலும் அச்சு பேரிங்கோடு உட்காரும் பாட்டம் பிராக்கெட் இன்னும் மோசம். வெல்டிங் சூட்டில் அந்தக் குழாய் முட்டை வடிவமாகிவிடலாம். வெல்டிங் முடிந்தபின் உள்விட்டத்தைக் கடைந்து சரிசெய்வதுதான் முறை. அதைச் செய்யாமல், உள்ளே பெயின்டையும் அப்பி அனுப்புகிறார்கள். பேரிங் இறங்காததற்குப் பெயின்ட் மட்டும் காரணம் என்றால் உப்புத்தாள் போதும். வெர்னியர் அளவுகோலில் நாலு கோணத்தில் அளந்து விட்டம் மாறினால், பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். நெரிபட்டுச் சீக்கிரம் கரகரக்கும், "நீங்க அடிச்சுக் கெடுத்தது" என்று வாரண்டியும் போய்விடும். எதையும் பூட்டுமுன் வெர்னியரோடு படம் எடுத்துச் செய்து கொடுத்தவருக்கு அனுப்புங்கள்.

"ஓட்ட ஓட்ட செட் ஆகிடும்" என்கிறார்கள். வெல்டு செய்த குரோமோலி எஃகு எப்படிங்க செட் ஆகும்?