பழைய காரின் பேட்ஜ் புது ட்ரக்கில் தாராளமாக இருக்கலாம்

அப்பா ஓட்டிய காரின் பெயர்ப் பேட்ஜை என் பிக்கப் ட்ரக்கின் பின்கதவில் மாட்டியிருக்கிறேன். ட்ரக் ஒரு கம்பெனி, பேட்ஜ் வேறு கம்பெனி. பார்த்தவுடனே "இது பொருந்தவே இல்லையே" என்பவர்கள் உண்டு. கார்ப் பிரியர்களில் சிலருக்குக் கோபமே வந்துவிடுகிறது. எந்தக் கம்பெனியின் கார் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு அந்தக் கம்பெனியைச் சுற்றியே போய்விடும். நான் சொல்ல வந்தது வேறு. நினைவுக்காக எடுத்து வைத்த பேட்ஜ் மேசை டிராயரில் கிடப்பதை விட, ஓடுகிற வண்டியில் இருப்பதுதான் நல்லது. அதை எப்படி மாட்டுகிறோம் என்பதில் மட்டும் பொறுப்பு வேண்டும்.

கோபப்படுகிறவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. சாதாரண மாடலை வாங்கிவிட்டு, அதே வண்டியின் விலை உயர்ந்த ரகத்துக்கு உரிய எழுத்துகளைத் தேடி வாங்கி ஒட்டுகிறார்களே, அது எனக்கும் பிடிக்காது. இல்லாத திறனை இருப்பதாகக் காட்டும் வேலை அது. ஆனால் அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய காரின் பெயர் இன்றைய ட்ரக்கில் இருந்தால் யார் ஏமாறப் போகிறார்கள்? இந்த ட்ரக்கைப் பார்த்து அந்தக் கார் என்று ஒரு குழந்தைகூட நினைக்காது.

"கார் பேட்ஜுக்கு ட்ரக்கில் என்ன வேலை" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஃபோர்டு 1957-இல் ரான்ச்செரோ என்று கொண்டு வந்ததும், செவ்ரோலெட் 1959-இல் எல் கமினோ என்று கொண்டு வந்ததும் காரின் உடம்பில் பின்னால் சரக்குத் தொட்டி வைத்த வண்டிகள்தான். ஸ்டூடிபேக்கர் என்ற பழைய அமெரிக்கக் கம்பெனி காரும் செய்தது, பிக்கப்பும் செய்தது. காருக்கும் ட்ரக்குக்கும் நடுவில் அப்படி ஒரு கோடு எப்போதுமே இருந்ததில்லை.

அப்புறம், அந்தந்தக் கம்பெனி பேட்ஜ் அந்தந்தக் கம்பெனி வண்டியில்தான் இருக்க வேண்டும் என்றால், நின்றுபோன பிராண்டுகளின் கதி என்ன? பிளிமத் 2001-இல் முடிந்தது. ஓல்ட்ஸ்மொபீல் 2004-இல். பொன்டியாக் 2010-இல். அம்மாவோ தாத்தாவோ ஓட்டிய ஓல்ட்ஸ்மொபீலின் பேட்ஜைக் கையில் வைத்திருப்பவர், அதே பெயரில் ஒரு புது வண்டி வரும் என்று காத்திருக்கவா முடியும்?

என்னிடம் இருப்பது சேர்த்தெழுத்தில் வார்த்த பேட்ஜ். எழுத்துகளைக் கோக்கும் கம்பிகள் மெல்லியவை. ஒன்றில் விரிசல் இருக்கிறது. கடைசி எழுத்தின் வால் கூர்மையாக முடியும். கார் கழுவும்போது துணி அங்கேதான் மாட்டும், நூல் ஒன்று பிரிந்து அந்த வாலில் தொங்கும். அப்பா அதை விரலால் உருவி எடுத்துவிட்டு, எழுத்து இடுக்குகளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்ப்பார். பின்பக்கம் திருப்பினால் பாகத்தின் எண் வார்ப்பிலேயே பதிந்திருக்கிறது, பக்கத்தில் மரையிட்ட இரண்டு சின்னத் தண்டுகள். மேலே குரோம் பல இடங்களில் பொடிப்பொடியாகப் பொங்கியிருக்கிறது.

"குரோம் புதுசாகப் போட்டுவிடு, பளிச்சென்று இருக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். நான் போடவில்லை, போடப் போவதும் இல்லை. அந்தக் காலப் பேட்ஜ்களில் நிறைய துத்தநாகக் கலவையில் வார்த்தவை. மேலே தாமிரம், நிக்கல், குரோம் என்று அடுக்கடுக்காக முலாம். முலாமில் இருக்கும் நுண்ணிய ஓட்டை வழியாக ஈரம் இறங்கி, அடியில் துத்தநாகம் அரிக்கும்போதுதான் மேலே பொங்குகிறது. அதைச் சரி செய்ய வேண்டுமானால் பழைய முலாமை முழுக்க உரித்து, குழிகளைச் சுரண்டி, தாமிரத்தால் நிரப்பி, தேய்த்துத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். அந்தத் தேய்ப்பில் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். கண்காட்சிக்குத் தயார் செய்யும் காருக்கு அது சரி. எனக்கு வேண்டியது அப்பா கை பட்ட அந்தப் பரப்பு. சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், காய்ந்ததும் கொஞ்சம் மெழுகு. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல ஆசை: பின்னால் இருக்கும் தண்டுகளை அறுக்காதீர்கள். இன்றைய வண்டிகளின் பேட்ஜ் பெரும்பாலும் முலாம் பூசிய பிளாஸ்டிக்; எடை இல்லை, பின்பக்கம் தட்டை, டேப்பிலேயே நின்றுவிடும். பழைய பேட்ஜ் கனமானது, பின்பக்கம் குழிவு, போதாததற்குத் தான் இருந்த காரின் வளைவுக்கேற்ப வளைந்தும் இருக்கும். அதனால்தான் தண்டை அறுத்துப் பசை போட்டு அமுக்கு என்கிறார்கள், இல்லாவிட்டால் கதவில் துளை போடு என்கிறார்கள். துளை போட்டால் இரும்புத் தகட்டில் அங்கிருந்து துரு கிளம்பும். ஃபோர்டு எஃப்-150 போல 2015 முதல் அலுமினிய உடம்போடு வரும் ட்ரக்கில் வேறு சிக்கல்: இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்க வைக்கும். காந்தம் வைத்து ஒட்டலாம் என்றால் அலுமினியத்தில் அதுவும் ஒட்டாது.

நான் செய்தது இதுதான். கறுப்பு அக்ரிலிக் தகடு ஒன்றைப் பேட்ஜை விடச் சற்றுப் பெரிதாக வெட்டி, துளையைத் தகட்டில் போட்டு, தண்டுகளை அதில் நுழைத்துப் பின்னால் நட்டு போட்டேன். நட்டு உட்கார ஒரு பள்ளம் குடைய வேண்டியிருந்தது. அந்தத் தகடுதான் இருபக்க நுரை டேப்பால் கதவில் ஒட்டியிருக்கிறது. கதவின் பரப்பை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டி, நன்றாக அழுத்தி, மூன்று நாள் தண்ணீர் படாமல் விட்டால் நல்ல டேப் முழுப் பிடிமானத்துக்கு வந்துவிடும்.

முன்பக்க கிரில்லில் வைக்க ஆசை வரும், புரிகிறது. இப்போதைய பல வண்டிகளில் முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் கிரில்லின் சின்னத்துக்குப் பின்னாலோ அதற்குக் கீழேயோதான் இருக்கிறது. அதன் முன்னால் உலோகத்தை வைத்தால் தானாக பிரேக் பிடிக்கும் வசதிக்கே கண் மறைந்துவிடும். ஸ்டீயரிங் நடுவில் வைப்பது அதை விட மோசம். ஏர்பேக் வெடித்துத் திறக்கும்போது அந்த உலோகத் துண்டு நேராக முகத்துக்கு வரும். ஒட்டுச் சின்னம் அப்படித் தெறித்து ஓட்டுநர் ஒருவரின் ஒரு கண்ணில் பார்வை போன பிறகு, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2022-இல் இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. பயணி பக்க டேஷ்போர்டும் அப்படித்தான், அங்கேயும் ஏர்பேக் உண்டு.

திருடு போனால் என்ன செய்வது, நகல் எடுத்து மாட்டலாமே என்றும் கேட்கிறார்கள். பயம் நியாயமானது. நகலில் எனக்கு மனசு ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

இந்த ட்ரக்கை விற்கும் நாள் வந்தால், தகட்டுக்கும் கதவுக்கும் நடுவில் மீன்பிடி நரம்பை விட்டு இழுத்து டேப்பை அறுத்து எடுத்துவிடுவேன். மிச்சப் பசையைத் துடைத்தால் கதவு பழையபடி. வாங்குகிறவருக்கு அவருடைய ட்ரக் முழுசாகப் போகும், தகடும் பேட்ஜும் அடுத்த வண்டிக்குப் போகும். உங்களிடமும் இப்படி ஒரு பேட்ஜ் எங்கேயாவது துணியில் சுற்றி இருந்தால் எடுத்துப் பாருங்கள். தண்டுகள் இன்னும் முழுசாக இருக்கின்றனவா என்று முதலில் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.